பசித்தவனுக்குச் சோதனை இல்லை

1867ஆம் ஆண்டு மே 23 அன்று, தென்னார்க்காடு மாவட்டம் வடலூரில், மண்சுவரும் கூரையுமாக எழுந்த ஒரு தருமச்சாலைக் கொட்டகையில் அடுப்பு மூட்டப்பட்டது. அதற்காகப் பார்வதிபுரத்து ஊரார் சுமார் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் கையெழுத்திடும்போது தன் பெயரைச் சிதம்பரம் இராமலிங்கம் என்று எழுதுவார். நாம் வள்ளலார் என்கிறோம். அப்போது அவருக்கு வயது 43. அதற்குச் சற்று முந்தைய ஆண்டுகளில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் மழை பொய்த்து, தானிய விலை ஏறி, மக்கள் வாடியிருந்தார்கள். அன்று மூட்டிய தீ இன்றுவரை அணையவில்லை என்பது ஊரறிந்த செய்தி. வடலூரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தீயிலேயே நின்றுவிடுகிறார்கள். சோறிடும் தருமம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சோறு போடுவதற்கு முன் யாரைச் சோதிப்பது என்ற கேள்விக்கு அந்தச் சாலை தந்த பதில்தான் புதிது. வாங்க வருகிறவனை எதுவும் கேட்க வேண்டாம், கொடுக்க நிற்கிறவன் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும் என்பது அந்தப் பதில். தன்னை அறிவதும் பிறர்க்குத் தொண்டு செய்வதும் வேறுவேறு பாதை என்று பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த ஒரு சமூகத்தில், இரண்டும் ஒரே வேலைதான் என்பதை ஒரு சமையற்கட்டின் நடைமுறையாகவே ஆக்கிப் பார்த்த முயற்சி அது.

கொடுப்பவரின் மனத்தைப் பற்றிய கவலை தமிழில் மிகப் பழையது. ஆய் என்ற சிற்றரசனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மறுமைப் பயனை எண்ணிக் கொடுப்பவன் அறத்தை விலைபேசும் வணிகன், ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்று புறநானூற்றில் சொல்கிறார். மேலுலகமே இல்லையென்றாலும் ஈவது நல்லது என்கிறது குறள். மணிமேகலையோ திருப்பித் தரக்கூடியவர்க்குக் கொடுப்பதை விற்பனைக் கணக்கில் சேர்த்துவிட்டு, ஆற்றாதவரின் பசியைத் தீர்ப்பதை மட்டுமே அறமாகக் கொள்கிறது. பெரியபுராணத்துத் திங்களூர் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் முதல் பிள்ளைகள் வரை எல்லாவற்றுக்கும் தன் பெயரை விட்டுத் திருநாவுக்கரசர் பெயரையே வைத்தார். இலக்கியம் இப்படி ஒரு பக்கம் கொடுப்பவனின் நெஞ்சைத் துருவிக்கொண்டிருக்க, கல்வெட்டுகள் வேறு காரியத்தில் முனைந்திருந்தன. சோழர் காலத்து அறக்கட்டளைக் கல்வெட்டு ஒன்றைப் படித்தால் உண்பவர் எத்தனை பேர், அவர்கள் பிராமணரா சிவயோகிகளா, ஆளுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய் என்றெல்லாம் கணக்கு கறாராக இருக்கும். கொடுத்தவரின் ஊரும் பெயரும் இருக்கும். இந்தத் தருமத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்று பணிவோடு முடியும். பணிவு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் கல்லில் நிற்பது பெயரும், உண்ணத் தகுதி பெற்றவர் யார் என்ற வரையறையும்தான். அறத்தின் நோக்கம் பற்றிய விசாரம் புலவர்களிடம் தங்கிவிட்டது, நிர்வாகமோ பயனாளியின் தகுதியைப் பார்த்துக்கொண்டது. இந்தப் பிளவு வெகுகாலம் நீடித்தது.

இந்த இடத்தில் தஞ்சை மராட்டியர்களின் சத்திரங்களைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. இராமேசுவரம் செல்லும் பாதையில் அவர்கள் கட்டிய சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதி வழிப்போக்கர்க்கும், பலவகைச் சாதுக்களுக்கும் அங்கே சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் மிளகும் உப்பும் அளந்து தரப்படும். நடுநிசியில் மணி அடித்து, இன்னும் யாராவது சாப்பிடாமல் இருந்தால் வரலாம் என்று அறிவிப்பார்கள் என்று அதில் விவரிக்கிறார். அந்த நடுநிசி மணி ஒன்று போதும், அது வெறும் ஆடம்பரம் இல்லை என்று சொல்ல. ஆனாலும் அதே கடிதத்தில் தஞ்சைக்குத் தர்ம ராஜ்யம் என்ற பெயர் கிடைத்ததை நாட்டின் மிகப் பெரிய பெருமையாக அரசர் குறிப்பிடுகிறார். கும்பினியிடம் அதிகாரத்தை இழந்துகொண்டிருந்த ஒரு மன்னருக்கு அந்தப் பெருமை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பது புரிகிறது. சத்திரங்கள் ராணிகளின் பெயரையும் மன்னருக்கு நெருக்கமானவர்களின் பெயரையும் தாங்கி நின்றன. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அப்படி ஒன்று. எல்லோருக்கும் சோறு உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே பந்தி இல்லை. 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் தஞ்சை அரச மரபு முடிந்தபோது சத்திரங்களும் சர்க்கார் நிர்வாகத்துக்குப் போயின. பெயருக்கும் பெருமைக்கும் கட்டப்பட்ட தருமம் அவை இருக்கும்வரை தாராளமாக இருந்தது என்பதுதான் நியாயமான மதிப்பீடு.

வடலூர்ச் சாலையின் அடிப்படையை விளக்க இராமலிங்கர் எழுதிய உரைநடை நூல் சீவகாருண்ய ஒழுக்கம். தத்துவ நூல் என்று நினைத்துத் திறப்பவரை அது திகைக்க வைக்கும். பசி வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அவர் ஒரு வைத்தியரைப் போல அடுக்குகிறார்: கண் பஞ்சடைந்து குழிவது, காது அடைத்துக்கொள்வது, நாக்கு உலர்வது, கைகால் துவள்வது, நினைவு தடுமாறுவது. சோறு உள்ளே போனதும் அவை ஒவ்வொன்றும் எப்படித் திரும்பி வருகின்றன என்பதையும் அதே கவனத்தோடு சொல்கிறார். இரந்து பழகாத மானிகள் பசித்தும் வாய்திறந்து கேட்க முடியாமல் உள்ளுக்குள் மறுகுவதைத் தனியாகக் குறிப்பிடுகிறார். எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி, நடத்தை எப்படி என்று விசாரிக்காமல் பசியை நீக்க வேண்டும் என்பது அவர் விதி. நடத்தையையும் அந்தப் பட்டியலில் சேர்த்ததுதான் முக்கியம். சாதி சமயம் பார்க்காதே என்று அதற்கு முன்பும் பலர் சொல்லியிருக்கிறார்கள்; நல்லவனா கெட்டவனா என்றுகூடப் பார்க்காதே என்று சொன்னவர்கள் குறைவு.

அதற்கு வரக்கூடிய மறுப்பையும் அவரே எடுத்துக்கொள்கிறார். பசித்துக் கிடக்கிறவன் முன்வினைப் பயனை அனுபவிக்கிறான், அது இறைவன் விதித்த தண்டனை, நாம் சோறு போட்டால் இறைவன் கட்டளைக்கு விரோதமாகாதா என்பது அந்தக் காலத்துப் படித்தவர்களின் வாதம். அவர் பதில் எளிமையானது. கொடிய குற்றம் செய்தவனை அரசன் விலங்கிட்டுச் சிறையில் வைக்கிறான், ஆனால் சேவகர்களைக் கொண்டு அவனுக்கும் சோறு கொடுக்கச் சொல்கிறான். தண்டனை வேறு, பசி வேறு. அரசனுக்கே இது தெரியும்போது ஆண்டவனுக்குத் தெரியாதா? வினைக்கொள்கையை மறுக்காமலேயே, அதைச் சாக்காகச் சொல்லி ஒதுங்க நினைத்தவர்களின் வழியை அவர் அடைத்துவிட்டார்.

இப்போது அடுத்த கேள்வி வருகிறது: பிறர் துன்பத்தைக் கண்ணால் கண்டும் சிலருக்கு ஏன் இரக்கம் வருவதில்லை? இந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் விடையில்தான் முழு நூலும் திரும்புகிறது. உயிர்கள் எல்லாம் சகோதரர்கள், ஒருவர் துன்பப்பட்டால் மற்றவர் உருகுவது அந்த உரிமையின் இயல்பு. உருகாதவருக்கு அந்த உரிமை இல்லாமல் போகவில்லை, அதைக் காணும் கண் மங்கிவிட்டது என்கிறார். ஆன்ம அறிவு என்னும் கண்ணில் அஞ்ஞானம் என்னும் காசம் (கண்படலம்) படர்ந்திருக்கிறது. அதற்கு உதவியாக இருக்க வேண்டிய மனம் முதலானவை என்னும் மூக்குக் கண்ணாடியும் ஒளி புகாதபடி தடித்துப்போயிருக்கிறது. எனவே இரக்கமின்மை ஒழுக்கக் குறைபாடு என்பதைவிட, தன்னைப் பற்றிய அறியாமை. நேர்மையாகத் தன்னைப் பார்க்கத் தொடங்கினால் இரக்கம் தானாகச் சுரக்கும், இரக்கப்பட்டுச் செய்யத் தொடங்கினால் காசமும் கரையும். இரண்டில் எது முதல் என்று அவர் வரிசை போடவில்லை. தவம் செய்து மனம் தூய்மையான பிறகு தொண்டுக்கு வரலாம் என்ற பழைய படிநிலைக்கு இங்கே இடமே இல்லை. சன்னியாசிகளுக்கு என்று எழுதாமல் சம்சாரிகளை நோக்கியே நூலின் பெரும்பகுதியை அவர் எழுதியதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். கலியாணம் போன்ற சடங்குகளில் செலவழிப்பதில் பசித்தவர்க்கும் ஒரு பங்கை ஒதுக்கச் சொல்கிறார். அவரவர் தரத்துக்குத் தக்கபடி போதும் என்கிறார்.

இது ஊருக்கு உபதேசமாக இருந்திருந்தால் இவ்வளவு கவனிக்க வேண்டியதில்லை. அவர் தன்னையே அந்தச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்ட சான்றுகள் நிறைய. திருவருட்பா அச்சாகும் நேரத்தில் நூலில் தன் பெயரை இராமலிங்கசாமி என்று போடுவதில் தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தெரிகிறது என்று அன்பர் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதினார். ஆறாம் திருமுறையில் இருக்கும் பிள்ளைப் பெருவிண்ணப்பம் தமிழில் அரிதான வகையைச் சேர்ந்த தன்வரலாறு. கைவீசி நடப்பது செருக்காகப் படுமோ என்று நாணிக் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தது, கையில் வந்த பணத்தைக் கிணற்றிலும் குளத்திலும் எறிந்தது, நல்ல உணவு உண்ணவும் அஞ்சியது என்று அதில் ஒன்றுவிடாமல் வருகிறது. பணத்தைக் கிணற்றில் போட்டதற்கு ஒரு ஏழையிடம் கொடுத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். தருமச்சாலையைத் தொடங்கியவரின் வாழ்க்கையில் இது முரணாகவே நிற்கிறது. ஆனால் தன் ஆசைகளை இவ்வளவு நெருக்கமாகக் கண்காணித்த ஒருவர்தான், பிறர் கையில் பணம் கொடுப்பது எங்கே தன் பெருமையாக மாறும் என்பதையும் அறிந்திருப்பார். 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி ஆற்றிய பேருரையில், முன்பு சைவத்தின் மீது தான் வைத்திருந்த அளவற்ற பற்று அற்ப அறிவால் வந்தது என்று சீடர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். நம் நிலை என்ன, நமக்கு மேலே உள்ள தெய்வத்தின் நிலை என்ன என்று இடைவிடாமல் விசாரித்துக்கொண்டிருங்கள் என்பதுதான் அந்த உரையில் அவர்களுக்கு இட்ட வேலை.

இந்த எண்ணத்தை வடலூரின் இரண்டு கட்டடங்களில் நேராகவே பார்க்கலாம். சாலைக்கு ஏறக்குறைய ஐந்தாண்டு கழித்து, 1872 தைப்பூசத்தில், சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. உள்ளே ஏழு நிறத் திரைகள். அவற்றுக்கு அப்பால் கண்ணாடி, அதன் பின்னே தீபம். திரைகள் ஒவ்வொன்றும் அறிவை மூடும் ஒரு மறைப்பு. மேலே சொன்ன காசமும் கண்ணாடியும் இங்கே துணியாகவும் கண்ணாடியாகவும் நிற்கின்றன. சபைக்குள் நுழைய ஒரு நிபந்தனை உண்டு: கொலையையும் புலாலையும் விட்டவர்கள்தாம் உள்ளே வரலாம். புலால் உண்பவரைப் புறவினத்தார் என்றே அவர் வகுத்தார். அவர்களோடு பழகுவதிலும் எல்லை வைத்தார். இன்றைய வாசகருக்கு அது உறுத்தும், உறுத்த வேண்டியதும்தான். ஆயினும் பசி என்று வந்தால் அந்த எல்லை விலகிவிடுகிறது. யாராக இருந்தாலும் பசியை மட்டும் கட்டாயம் போக்க வேண்டும் என்று அவரே எழுதினார். ஆக, கடவுளைப் பார்க்க வருகிறவனுக்கு வாசலில் சோதனை உண்டு, சோறு கேட்டு வருகிறவனுக்கு இல்லை. நம் கோயில் மரபில் இதற்கு நேர்மாறாகத்தான் பலகாலம் நடந்தது.

மேட்டுக்குப்பப் பேருரைக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தாது வருஷப் பஞ்சம், சோதனையை மறுபக்கம் திருப்பி வைத்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. 1877இல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், உண்மையாகவே பசித்தவன் யார் என்று கண்டுபிடிப்பதையே நிவாரணத்தின் முதல் வேலையாக்கினார். வீட்டிலிருந்து வெகுதூரம் நடந்து முகாமுக்கு வந்து மண்சுமந்தால்தான் நிவாரணம், தூரமே சோதனை. கூலி நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், தானியமும் கொஞ்சம் சில்லறையும். உடல் உழைப்புக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது. நடக்கத் தெம்பில்லாதவனும், மானத்தால் வரிசையில் நிற்க முடியாதவனும் இந்தச் சோதனையில் தோற்றார்கள். கேட்க நாணும் மானிகளைப் பற்றி இராமலிங்கர் எழுதியது, இப்படிப்பட்ட நிவாரணத்துக்குக் காலத்தில் முந்திவந்த விமரிசனமாகவே இன்று படிக்கக் கிடக்கிறது. அரசுக்கு இரக்கமில்லை என்பதோடு இது முடிவதில்லை. ஏமாந்துவிடக் கூடாது என்ற அச்சம்தான் அந்த நிர்வாகத்தின் நோக்கமாக இருந்தது, அந்த நோக்கமே அளவையும் தூரத்தையும் தீர்மானித்தது.

இங்கே ஒரு கறாரான வாசகர் குறுக்கிடலாம். கொடுப்பவரின் மனம் எப்படி இருந்தால் என்ன, பசித்தவனுக்கு வேண்டியது சோறுதானே. புகழுக்காகப் போட்ட சோறு வயிற்றில் செரிக்காமலா போய்விடும்? ஒரு வேளைச் சோற்றுக்கு இந்த வாதம் சரி. நிறுவனத்துக்குச் சரியில்லை. மேலே பார்த்த சான்றுகளில் நோக்கம் எங்கும் கொடுப்பவரின் நெஞ்சுக்குள்ளேயே இருந்துவிடவில்லை. யார் உண்ணலாம், எந்தப் பந்தியில், எவ்வளவு தூரம் நடந்து, எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் என்று வெளியே வந்து விதியாக நின்றது. புண்ணியத்துக்குக் கொடுப்பவர் தனக்குப் புண்ணியம் அதிகம் தருபவரையே தேடுவார், பிராமணர்க்கும் யோகிகளுக்கும் அளந்த கல்வெட்டுகள் அதற்குச் சாட்சி. ஏமாற்றத்துக்கு அஞ்சிக் கொடுப்பவர் சல்லடை வைப்பார். கொடுப்பவரின் மனம் பசித்தவனின் தட்டில் வந்து முடிவது இப்படித்தான்.

இன்னும் வலுவான மறுப்பு நூலுக்குள்ளேயே இருக்கிறது. சீவகாருண்ய ஒழுக்கத்தில் பலன்களின் பட்டியல் ஒன்று உண்டு. தீராத நோயுள்ளவர் பசியாற்றுவதையே விரதமாகக் கொண்டால் நோய் தீரும், பிள்ளை இல்லாதவர்க்குப் பிள்ளை பிறக்கும் என்றெல்லாம் அது சொல்கிறது. போதாதற்குச் சீவகாருண்யத்தை மோட்ச வீட்டின் திறவுகோல் என்கிறார். அப்படியானால் இதுவும் அறத்தை விலைபேசுவதுதானே, முடமோசியார் கேலி செய்த வணிகம்தானே? இதை மழுப்ப முடியாது. என் வாசிப்பில் அது ஒரு சமரசம். நோய்க்கும் பிள்ளை வரத்துக்கும் நேர்த்திக்கடன், தீர்த்தயாத்திரை, விரதம் என்று செலவிட்டுக்கொண்டிருந்த குடும்பங்களிடம், அந்தச் செலவை இங்கே திருப்புங்கள் என்று அவர்கள் மொழியில் பேசினார். ஆனால் நூலின் அடித்தளம் பலனில் இல்லை. துன்பத்தைக் கண்டதும் உருகும் சகோதர உரிமையில் இருக்கிறது. பலனை எதிர்பார்த்து வந்தவனையும் பசித்தவன் எதிரே உட்கார வைத்துவிட்டால் மீதியைப் பசி பார்த்துக்கொள்ளும் என்று அவர் நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கை முழுவதும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். பலன் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் விசாரத்தை விட்டுவிட்டவர்களே அதிகம்.

அன்னதானம் பசியை மூடி மறைக்கிறதே தவிரப் பசியை உண்டாக்கும் அமைப்பைத் தொடுவதில்லை என்ற மறுப்பும் உண்டு. பொதுவாக இது உண்மை. ஆனால் கருணையில்லாத ஆட்சி சீக்கிரம் ஒழிய வேண்டும் என்று பாடியவர் அவர். அந்தப் பாட்டு ஒரு நில உச்சவரம்புச் சட்டம் ஆகாது; 80 காணியும் மாகாணத்துப் பஞ்சத்தை நிறுத்தாது. அவரிடம் அரசியல் திட்டம் தேடுவது வீண். அவர் சாதித்தது வேறிடத்தில். ராமகிருஷ்ணரின் போதனையைத் தழுவி விவேகானந்தர் 1897இல் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கி, சொந்த விடுதலையையும் உலக நலத்தையும் ஒரே குறிக்கோளாக்கியபோது அது புதிய சிந்தனையாகப் பேசப்பட்டது. அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, துறவிகளின் அமைப்பு எதுவும் இல்லாமல், ஊரார் நிலத்தில் சம்சாரிகளை நம்பி அதே காரியம் வடலூரில் நடந்திருந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு எழுதவில்லை.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அவர் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டதோடு கதை முடிந்துவிடவில்லை. சாலை தொடர்ந்தது, இன்று இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இயங்குகிறது. அவர் பிறந்த அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாளாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் அன்னதானம் செய்வது ஊருக்கு ஊர் பெருகியிருக்கிறது, கொடுப்பவரின் படம் போட்ட பேனரும் கூடவே பெருகியிருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டில் பெயர் மட்டும்தான் இருந்தது. சீவகாருண்ய ஒழுக்கம் சிறிய நூல், ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். அன்னதானத்துக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் ரசீதில் யார் பெயரை எழுதுவது என்று சொல்வதற்கு முன் அதைப் படித்துவிட்டுப் போனால் நல்லது.